ஒத்துக்கொள்வதா, ஒப்புக்கொள்வதா?

வரிவடிவு · காலை 9:10

ஒரு நாவலை மொழிபெயர்த்துக் கொடுத்திருந்தேன். மெய்ப்புப் பிரதி நேற்றுத் திரும்பி வந்தது. கதையில் வயதான ஒருவரை நாள்கணக்கில் விசாரிக்கிறார்கள். மூலத்தில் அவருக்கு ஒரே வினைச்சொல்தான் வருகிறது. நான் பதினோரு இடத்திலும் ‘ஒத்துக்கொண்டார்’ என்று எழுதியிருந்தேன். மெய்ப்புத் திருத்துபவர் பதினொன்றையும் அடித்துவிட்டு ‘ஒப்புக்கொண்டார்’ ஆக்கியிருக்கிறார். ஓரத்தில் ஒரு குறிப்பு: “ஒத்துக்கொள் கொச்சை.”

பதினோரு சிவப்புக் கோடுகளைப் பார்த்ததும் கோபம்தான் முதலில் வந்தது. அப்புறம் யோசித்தால் எனக்கே விடை தெரியவில்லை. இரண்டும் ஒன்றுதானா? ஒன்று மற்றொன்றின் திரிபா? ‘ஒத்து’ எங்கிருந்து வந்தது, ‘ஒப்பு’ எங்கிருந்து வந்தது? வெள்ளிக்கிழமைக்குள் பிரதியைத் திருப்பித் தரவேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சாய்வுநாற்காலி · காலை 9:32

இரண்டும் ஒன்றுதான். ஒன்றை வாயால் சொல்கிறோம், இன்னொன்றைப் பேனாவால் எழுதுகிறோம். பதினோரு இடத்தையும் அவர் போக்கில் விட்டுவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள் அம்மா.

பழையஏடு · காலை 10:05

அவசரப்படாதீர்கள் நாற்காலியாரே. ‘ஒன்றுதான்’ என்பதில் பாதி சரி.

இரண்டுக்கும் வேர் ஒரே எழுத்து: ஒ. ஓரெழுத்து வினை. ‘போன்றிரு’, ‘பொருந்து’ என்று பொருள். இன்று இதைத் தனியாக ஏவலில் சொல்வதில்லை என்பதால் நமக்கு மறந்துபோயிற்று. ஆனால் அதன் பிள்ளைகள் எல்லாரும் வீட்டில்தான் இருக்கிறார்கள். இறந்தகாலத்தில் ஒத்தான், ஒத்து. எதிர்காலத்தில் ஒக்கும், ஒப்பான். செயவென் எச்சம் ஒப்ப. எதிர்மறை ஒவ்வா, ஒவ்வாது. தொழிற்பெயர் ஒத்தல், ஒப்பு.

“பிறப்பொக்கும் எல்லா உயிர்க்கும் சிறப்பொவ்வா” (குறள் 972) என்று மேடைதோறும் சொல்கிறோமே, அதில் ஒக்கும், ஒவ்வா இரண்டும் இந்த வினைதான். ஒரே அடியில் உடன்பாடும் எதிர்மறையும். இன்னும் அடர்த்தியாக வேண்டுமானால் 993-ஐப் பாருங்கள்:

உறுப்பொத்தல் மக்களொப்பு அன்றால் வெறுத்தக்க
பண்பொத்தல் ஒப்பதாம் ஒப்பு.

ஏழு சீரில் இந்த வினை ஐந்து முறை வருகிறது. கை, கால், முகம் ஒத்திருப்பது ஒப்பல்ல, பண்பு ஒத்திருப்பதே ஒப்பு. தொல்காப்பியம் உவம உருபுகளைப் பட்டியலிடும்போதும் ‘ஒப்ப’ முதல் வரியிலேயே வந்துவிடுகிறது. ஆக, மூலப்பொருள் ஒப்புமைதான். குற்றமும் இல்லை, விசாரணையும் இல்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். ‘ஒத்துக்கொள்’ என்பதில் ஒத்து வினையெச்சம். ‘ஒப்புக்கொள்’ என்பதில் ஒப்பு பெயர். இரண்டும் வன்றொடர்க் குற்றியலுகரம், அதாவது வல்லின மெய்யை அடுத்துக் குறுகி ஒலிக்கும் உகரம், என்பதால் இரண்டிலும் க் மிகுகிறது. அதனால்தான் வெளித்தோற்றம் இரட்டைப் பிள்ளைகள்போல் இருக்கிறது. எதுவும் எதன் திரிபும் இல்லை. கொச்சை என்றது தவறு. ‘ஒத்துக்கிட்டான்’ என்றால்தான் கொச்சை.

கொக்கி · காலை 10:21

ஐயா, ‘ஒத்துக்கொள்’ கொச்சை இல்லை என்பதற்கு என்னிடம் அதைவிடப் பெரிய ஆதாரம் இருக்கிறது! வள்ளுவரே எழுதியிருக்கிறார். “மறப்பினும் ஒத்துக் கொளலாகும்” (134). மறந்தாலும் ஒத்துக்கொள்ளலாம், அதாவது மறந்துபோனதை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்கலாம் என்று பொருள். மெய்ப்புத் திருத்துபவருக்கு இதை அனுப்புங்கள், வாயடைத்துப்போவார்.

பழையஏடு · காலை 10:48

தம்பி, அனுப்பிவிடாதீர்கள். வாயடைத்துப்போவது அவராக இருக்காது.

அந்தக் குறளில் இருப்பது ஒத்து அல்ல, ஓத்து. நெடில். ஓது என்னும் வினையிலிருந்து வந்த பெயர். ஓதப்படுவது, அதாவது வேதம். மறந்தாலும் வேதத்தைத் திரும்ப ஓதிக் கற்றுக்கொள்ளலாம், ஒழுக்கம் குன்றினால் பிறப்பே கெடும் என்பது குறள். ‘கொளல்’ அங்கே துணைவினை இல்லை, பெறுதல் என்ற தன் சொந்தப் பொருளிலேயே நிற்கிறது.

ஆனாலும் உங்கள் பிழை கௌரவமான பிழை. பழைய ஏட்டில் பார்த்திருந்தால் யாரும் சறுக்கலாம். எகர ஒகரக் குறில்களுக்குப் புள்ளி வைக்கவேண்டும் என்று தொல்காப்பியம் விதிக்கிறது. ஓலையில் புள்ளி குத்தினால் கிழியும் என்று எழுதுபவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். அப்புறம் ஒ எது, ஓ எது என்று இடம் பார்த்துத்தான் சொல்லமுடியும். வீரமாமுனிவர் 18-ஆம் நூற்றாண்டில் நெடிலுக்கு வேறு வடிவம் கொடுத்த பிறகுதான் இந்தத் தொல்லை தீர்ந்தது. யாப்பும் இங்கே கைகொடுக்காது: ஒத்துக், ஓத்துக் இரண்டும் நேர் நேர்தான். பொருள் ஒன்றே வழி.

கொக்கி · காலை 10:55

சரி ஐயா. தவறு என்னுடையது. ஒத்துக்கொள்கிறேன். ஒப்புக்கொள்கிறேன். எது சரியோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

கருப்புக்கோட்டு · காலை 11:40

கொக்கி தம்பி விளையாட்டாகக் கேட்டாலும் நீதிமன்றத்தில் அதற்கு விடை இருக்கிறது. “குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா?” என்றுதான் கேட்பார்கள். “ஒத்துக்கொள்கிறீர்களா?” என்று எந்த நீதிபதியும் கேட்டு நான் பார்த்ததில்லை. எழுத்தில் ‘ஒப்புதல் வாக்குமூலம்’. அஞ்சலில் ‘ஒப்புகை அட்டை’, தேர்தலில் ‘ஒப்புகைச் சீட்டு’. எங்கேயும் ஒத்து கிடையாது.

அந்த வாக்குமூலத்துக்குச் சட்டம் எவ்வளவு பயந்திருக்கிறது என்பதும் சுவையானது. காவல் அதிகாரியிடம் ஒருவர் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை அவருக்கு எதிராக நிரூபிக்கக்கூடாது. 1872-ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு அது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தில் 23-ஆம் பிரிவாக வந்திருக்கிறது. காவலில் இருப்பவர் குற்றவியல் நடுவர் முன்னால், கட்டாயம் இல்லை என்று எச்சரித்த பிறகு சொன்னால்தான் அதற்கு மதிப்பு. வேறு யாரும் வளைக்காமல், தானே தன் செயலோடு தன் சொல்லைப் பொருத்தவேண்டும். பழையஏடு ஐயா சொன்ன ‘பொருந்து’ அங்கே உட்கார்ந்திருக்கிறது.

ஆவணம் எழுதும்போது நாங்கள் ‘மனமொப்பி’ என்று எழுதுவோம். ஒருவர் தன் பங்கை விட்டுக்கொடுத்து எழுதித் தந்தால், அவருடைய ஒரே மனம் அதற்கு ஒப்பியது என்று பொருள். கணவனும் மனைவியும் சேர்ந்து விவாகரத்துக் கேட்டால் ‘மனமொத்துப் பிரிதல்’. அங்கே இரண்டு மனம் வேண்டும். ஒப்பி என்றால் ஒருவர் போதும், ஒத்து என்றால் இருவர் வேண்டும். வரிவடிவு அம்மா, உங்கள் கிழவரைச் சுற்றி அந்தந்த இடத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

சாய்வுநாற்காலி · பகல் 12:15

அழகாக இருக்கிறது, ஆனால் நிற்காது. “தப்பை ஒத்துக்கிட்டான்” என்று நாடே சொல்கிறது. தப்பு ஒருவனுடையது. இரண்டாவது ஆள் எங்கே?

இன்னொன்றையும் யாரும் கவனிக்கவில்லை. ‘ஒப்புக்குச் சிரித்தான்’, ‘ஒப்புக்குத் தலையைக் காட்டினான்’ என்கிறோம். ஒப்புக்கு என்றால் பேருக்கு, பாவனைக்கு. உண்மைபோல இருக்கும், உண்மை இல்லை. ஒப்புமை என்பதன் மறுபக்கம் அதுதானே? போல இருப்பது வேறு, அதுவாகவே இருப்பது வேறு. ஆகவே ஒப்புக்கு ஒப்புக்கொள்வதும் நடக்கும், தினமும் நடக்கிறது. உங்கள் சொல்லுக்குள்ளேயே அந்த ஓட்டை இருக்கிறது வக்கீல் சார்.

கருப்புக்கோட்டு · பகல் 12:19

அந்த ஓட்டையை வைத்துத்தான் எங்கள் பிழைப்பே நடக்கிறது.

அரைமாத்திரை · பகல் 12:50

மருந்துக்கடைக்காரன் எனக்கும் இதில் பங்கு இருக்கிறது. “இந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை” என்று வந்து நிற்பவர்கள் ஏராளம். இதுவரை ஒருவர்கூட “ஒப்புக்கொள்ளவில்லை” என்று சொன்னதில்லை. சொல்லிப் பாருங்கள், மாத்திரை ஏதோ திருடிவிட்டு மறுக்கிற மாதிரி இருக்கிறது.

இங்கே இரண்டு பேர் உண்டு: உடம்பு ஒன்று, மருந்து ஒன்று. வக்கீல் சொன்ன கணக்கு சரியாக வருகிறது. இந்த நிலைக்கு மருத்துவம் வைத்துக்கொண்ட பெயர் ‘ஒவ்வாமை’. பழையஏடு ஐயா 972-இல் காட்டிய அதே ஒவ்வா! ‘அலர்ஜி’க்கு யாரோ உட்கார்ந்து புதிதாகச் சொல் கண்டுபிடித்தார்கள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். சீட்டில் எழுதும் சொல் குறளில் இருக்கிறது என்பது இன்றுதான் தெரிந்தது.

இருமொழி · பிற்பகல் 1:30

வீட்டில் தெலுங்கு, வேலை பார்த்த ஊரில் கன்னடம். அங்கிருந்து கொஞ்சம்.

தெலுங்கில் ஒப்புக்கொள்வதற்கு ‘ஒப்புகொனு’. ஒப்பு கூட்டல் கொனு; கொனு நம் ‘கொள்’தான். செங்கல் செங்கல்லாகத் தமிழ்ச்சொல்லோடு பொருந்துகிறது. தெலுங்கில் ஒப்பு என்றால் சரியானது என்ற பொருளும் உண்டு. தவறும் சரியும் சேர்ந்தால் ‘தப்பொப்புலு’. ஒப்புக்கொள்கிறவன் தப்பைத்தான் ஒப்புக்கொள்கிறான், ஆனால் அந்த வினையில் இருப்பதோ ‘சரி’ என்ற சொல்! எனக்கு இது எப்போதும் வேடிக்கை.

கன்னடத்தில் ‘ஒப்பிகொள்ளு’. கவனியுங்கள்: அங்கே ஒப்பு பெயராக நிற்கவில்லை, ஒப்பி என்று வினையெச்சமாக நிற்கிறது. அதாவது ஒப்பு என்பதே அங்கே முழு வினை. தமிழிலும் ‘மனமொப்பி’யில் இருப்பது அதுதான். ஆக மூன்று அடுக்கு: ஒ, அதிலிருந்து ஒப்பு என்ற பெயர், அந்தப் பெயர் மறுபடி வினையாகி ஒப்பி, ஒப்பினான்.

ஒப்பந்தம் தெலுங்கிலும் கன்னடத்திலும் கிட்டத்தட்ட அப்படியே. மலையாளத்தில் கையெழுத்துக்கே ‘ஒப்பு’ என்று பெயர், நம் கையொப்பத்தில் கை போய்விட்ட மாதிரி. சமரசத்துக்கு அவர்கள் சொல்வது ‘ஒத்துதீர்ப்பு’. வக்கீல் ஐயா குறித்துக்கொள்ளுங்கள்: ஒருவர் போடும் கையெழுத்து ஒப்பு, இருவர் முடித்துக்கொள்ளும் சண்டை ஒத்து.

மணியோசை · பிற்பகல் 2:10

எல்லாரும் ‘கொள்’ளையே பார்க்கிறீர்கள். ‘கொடு’ என்று ஒன்று இருக்கிறதே?

கத்தோலிக்கக் கோயிலில் நாங்கள் அடிக்கடி சொல்வது ‘ஒப்புக்கொடுத்தல்’. “தம்மையே ஒப்புக்கொடுத்தார்”, “உம்மிடம் எங்களை ஒப்புக்கொடுக்கிறோம்.” குற்றத்தைச் சொல்வதல்ல அது, தன்னையே கையளிப்பது. ஒப்படை, ஒப்புவி எல்லாம் அந்தப் பக்கம் நிற்பவை. குற்றத்தைச் சொல்வதற்குப் பழைய பெயர் பாவசங்கீர்த்தனம். இப்போது அந்தச் சடங்கை ‘ஒப்புரவு அருட்சாதனம்’ என்கிறோம். ஒப்புரவு என்றால் திரும்ப ஒன்றாதல். திருக்குறளில் ஒப்புரவறிதல் என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. அங்கே அது ஊரோடு ஒத்து, பிறருக்குக் கொடுத்து வாழ்வது. “ஒத்தது அறிவான் உயிர்வாழ்வான்” என்பது அதில் வரும் குறள். பொருள் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது, ஆனால் ரொம்ப தூரம் போகவில்லை.

பள்ளியில் பாட்டை ‘ஒப்பி’ என்பார்களே, அதுவும் இதுதானா? வாயில் வருவது புத்தகத்தோடு ஒத்திருக்கவேண்டும் என்பதாலா, அல்லது மனப்பாடத்தை வாத்தியாரிடம் ஒப்படைப்பதாலா?

பழையஏடு · பிற்பகல் 2:25

ஒப்புவி என்பது ஒப்பித்தல் ஆயிற்று. இரண்டில் எதுவாக இருந்தாலும் தப்பினால் அடி ஒன்றுதான். முப்பது வருடம் கேட்டவன் சொல்கிறேன்.

வரிவடிவு · பிற்பகல் 3:40

மணியோசை கொடுத்த ‘கொடு’வை வைத்துக்கொண்டு ஒரு சோதனை செய்து பார்த்தேன். காகிதத்தில் ஒருபக்கம் ஒத்து, ஒருபக்கம் ஒப்பு. எதிரே கொள், கொடு, போ. எது எதோடு சேர்கிறது?

ஒப்புக்கொள் உண்டு. ஒப்புக்கொடு உண்டு. ‘ஒப்புப்போ’ கிடையாது.
ஒத்துக்கொள் உண்டு. ஒத்துப்போ உண்டு. ‘ஒத்துக்கொடு’ கிடையாது.

பழையஏடு ஐயா காலையில் இலக்கணமாகச் சொன்னது இப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒப்பு ஒரு பொருள் மாதிரி. அதை வாங்கலாம், கொடுக்கலாம், ஒப்படைக்கலாம். ஒத்து ஒரு நடை மாதிரி. அதோடு சேர்ந்து போகலாம். ஒத்துழைக்கலாம், ஒத்திசைக்கலாம், ஒத்துவாழலாம். 1920-இல் தொடங்கிய இயக்கத்துக்கு ‘ஒத்துழையாமை’ என்று பெயர் வைத்தவர்கள் சரியான பாதியைத்தான் எடுத்திருக்கிறார்கள்.

வேற்றுமை உருபிலும் ஒரு வித்தியாசம் தெரிகிறது. “அவர் செய்ததை ஒப்புக்கொண்டார்” என்று ஐ உருபு இயல்பாக வருகிறது. “அவர்கள் கேட்டதற்கு ஒத்துக்கொண்டார்” என்று கு உருபு. முதலாவது நடந்துமுடிந்ததைப் பார்க்கிறது, இரண்டாவது நடக்கப்போவதைப் பார்க்கிறது. நாற்காலியார் சொன்னதுபோல் பேச்சில் ஒத்துக்கிட்டான் இரண்டு வேலையையும் பார்க்கிறது, மறுக்கவில்லை. ஆனால் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: “இடம் மாற்றுவதற்கு ஒப்புக்கொண்டார்” பரவாயில்லை, கொஞ்சம் அலுவலக வாசனை. “மருந்து ஒப்புக்கொள்ளவில்லை” முடியவே முடியாது. ஆக ஒத்துக்கொள்தான் பெரிய சொல், ஒப்புக்கொள் அதற்குள் ஒரு மூலையைத் தனக்கென்று பிடித்துக்கொண்ட சொல். என் மெய்ப்புத் திருத்துபவர் மூலையை வீடு என்று நினைத்துவிட்டார்.

கொக்கி · பிற்பகல் 3:52

‘விட்டுக்கொடு’ இருக்கிறதே அக்கா? விட்டு வினையெச்சம்தான், கொடு சேர்கிறது. உங்கள் சோதனை ஓட்டை.

வரிவடிவு · பிற்பகல் 4:01

நல்ல கேள்வி. அங்கே கொடு என்பது ‘இன்னொருவருக்காக’ என்று நிற்கிறது, எழுதிக்கொடு, சொல்லிக்கொடு போல. விடுவது நான், பயன் உனக்கு. ஒத்துப்போவதில் அப்படி எதையும் யாருக்கும் செய்துகொடுக்க முடியாது, அதனால் சேரவில்லை என்று நினைக்கிறேன். ஒப்புக்கொடுவில் கொடு துணைவினையே இல்லை, உண்மையாகவே கொடுக்கிறது.

கொக்கி · பிற்பகல் 4:06

சரி. கடைசியாக ஒன்று. கூட்டத்தை ‘ஒத்திவைத்தார்கள்’ என்கிறோம். அதுவும் இந்த ஒத்துதானே? எல்லாரும் ஒத்துக்கொண்டு தள்ளிவைப்பதால்?

பழையஏடு · மாலை 4:30

இல்லை. தம்பி இன்று நெடிலிலும் சறுக்கினார், இடையினத்திலும் சறுக்குகிறார்... மன்னிக்கவும், வல்லினத்தில். அந்தச் சறுக்கல் என்னுடையது.

இந்த ஒத்து வேறு. அதன் பழைய வடிவம் ஒற்று: அழுத்து, படவை, தள்ளு. ற்று என்பது பேச்சில் த்து ஆகும், காற்று காத்து ஆகிற மாதிரி. ஒற்றடம் ஒத்தடம் ஆயிற்று. ஒற்றி என்ற அடமானம் ஒத்தி ஆயிற்று. கண்ணில் ஒற்றிக்கொள்வது ஒத்திக்கொள்வது ஆயிற்று. இறந்தகாலத்தில் பிரிந்துவிடும்: இது ஒத்தி, ஒத்தினான், அது ஒத்து, ஒத்தான். ‘கண்ணில் ஒத்திக்கொண்டான்’, ‘குற்றத்தை ஒத்துக்கொண்டான்’ இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் ஓர் இகரம்தான் வித்தியாசம், ஆனால் குடும்பமே வேறு. ஒலி நெருங்கினால் உறவு என்று சொல்லிவிட முடியாது. இந்த மயக்கத்தில் எத்தனையோ சொல்லாராய்ச்சிகள் ஊறிக்கிடக்கின்றன, நான் பெயர் சொல்லமாட்டேன்.

நெறியாளர் · மாலை 4:33

பெயர் சொல்லாததற்கு நன்றி ஐயா. இழை நன்றாகப் போகிறது, அப்படியே போகட்டும்.

சாய்வுநாற்காலி · மாலை 5:05

ஒத்தைப் பற்றிப் பேசும்போது ஒத்தை விட்டுவிட்டீர்கள். நாகசுரக்காரருக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து ஒரே சுருதியை ஊதிக்கொண்டிருப்பார். அந்தக் கருவிக்குப் பெயர் ஒத்து. ராகம் கிடையாது, தாளம் கிடையாது, நிறுத்தவும் முடியாது. இப்போது பல இடங்களில் சுருதிப்பெட்டி வந்துவிட்டது. ஆனால் ‘ஒத்து ஊதுகிறான்’ என்ற வசை மட்டும் போகவில்லை. அந்த மனிதர் இல்லாவிட்டால் நாகசுரத்துக்குச் சுருதி ஏது? யோசித்தால் அநியாயமான வசை.

காலையில் ‘இரண்டும் ஒன்றுதான்’ என்றேன். ஒன்று இல்லை. போதுமா?

கருப்புக்கோட்டு · மாலை 5:20

பதிவு செய்துகொள்ளப்பட்டது.

பழையஏடு ஐயாவிடம் ஒரு கேள்வி. எதிர்த்தரப்பு சொல்வதை ‘வாதத்துக்காக ஒப்புக்கொள்கிறேன்’ என்று நாங்கள் தொடங்குவோம். அது முழுச் சம்மதமும் இல்லை, தோல்வியும் இல்லை. இரண்டு அடி பின்னால் போய் மூன்று அடி முன்னால் வரும் வேலை. இதற்குப் பழந்தமிழில் சொல் உண்டா?

பழையஏடு · மாலை 6:10

உண்டு. நன்னூலில் அழகாக இருக்கிறது. ஒரு நூல் எழுதுபவன் பிறர் கருத்தை எப்படி எதிர்கொள்ளலாம் என்று பவணந்தி முனிவர் ‘எழுவகை மதம்’ சொல்கிறார். முதலாவது உடன்படல். இரண்டாவது மறுத்தல். மூன்றாவதுதான் உங்களுக்கு வேண்டியது: ‘பிறர்தம் மதம் மேற்கொண்டு களைவு’. அடுத்தவன் கொள்கையை முதலில் தன் தோளில் ஏற்றிக்கொண்டு, அப்புறம் அதைக் களைவது. மேற்கொள்ளாமல் களைய முடியாது, அதனால்தான் இரண்டும் ஒரே பெயரில் இருக்கின்றன. மீதி நான்கும் தன் கொள்கையை நாட்டுவது, இருவர் முரண்படும்போது ஒருபக்கம் துணிவது என்று போகும்.

தொல்காப்பியம் முப்பத்திரண்டு உத்தி சொல்லும்போது ‘பிறன் உடம்பட்டது தான் உடம்படுதல்’ என்று ஒன்றை வைக்கிறது. இலக்கணக்காரர்களுக்குப் பிடித்த வினை இந்த உடன்படுதான், ஒப்புக்கொள் அல்ல. உடன் படு: கூடவே நில். ‘வந்தான்’ உடன்பாட்டு வினை, ‘வாரான்’ எதிர்மறை வினை. ஒரு வாக்கியம் ‘ஆம்’ என்று சொன்னாலே அது உடன்பட்டுவிட்டதாகக் கணக்கு. உயிரும் உயிரும் ஒட்டாமல் நிற்கும்போது நடுவில் யகரமோ வகரமோ வந்து சேர்த்துவைக்கிறதே, மணி அழகு மணியழகு ஆவதுபோல, அந்த எழுத்துக்கு உடம்படுமெய் என்று பெயர். இரண்டு உயிரையும் சம்மதிக்கவைக்கும் மெய். பெயர் வைத்தவன் யாரோ ரசிகன்.

உடன்பாடு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் குறள் 890: உடம்பாடு இலாதவரோடு வாழ்வது ஒரே குடிசைக்குள் பாம்போடு குடியிருப்பது போன்றது.

இன்னும் பின்னால் போனால், சங்கப் பாட்டுக்கு அடியில் எழுதிய துறைக் குறிப்புகளில் ‘நேர்தல்’ வரும். பரத்தையிடம் போய்த் திரும்பிய தலைவனுக்காகத் தூது வருகிறவரைத் தோழி உள்ளே விட்டால் ‘வாயில் நேர்தல்’, கதவை அடைத்தால் ‘வாயில் மறுத்தல்’. இசைதல், இணங்குதல், நேர்தல், ஒத்தல், உடன்படுதல்: சம்மதிப்பதற்குத் தமிழில் உள்ள பழைய வினைகள் எல்லாமே சேர்வதையும் பொருந்துவதையும் குறிப்பவைதான். சம்மதம் வடசொல், அதுகூட ‘சேர்ந்து எண்ணுதல்’தான்.

அரைமாத்திரை · மாலை 6:35

எல்லாம் சேர்ந்தும் பொருந்தியும் இருக்கட்டும். தோற்றுப்போய்ச் சம்மதிக்கிறவனுக்கு? அவன் எங்கே பொருந்தினான்? “எவ்வளவோ பேசியும் மசியவில்லை” என்கிறோமே. மசிவது என்றால் நசுங்கிக் கூழாவது. வளைந்துகொடுத்தான், பணிந்துபோனான், அடங்கினான், இளகினான். இந்த வரிசையில் பொருத்தமே இல்லை. எல்லாம் உருவம் மாறுகிற வினைகள், அதுவும் வெளியிலிருந்து ஏதோ ஒன்று அழுத்தினால் மாறுகிறவை. நாள்கணக்கில் விசாரணை என்றீர்களே அக்கா, உங்கள் கிழவருக்கு இதில் ஒன்றுகூடவா வேண்டாம்?

வரிவடிவு · இரவு 8:50

வேண்டும். அரைமாத்திரை கேட்ட பிறகு பதினோரு இடத்தையும் மறுபடி படித்தேன். மூலமொழியில் ஒரே வினை இதையெல்லாம் சுமக்கிறது, தமிழில் சுமக்கவேண்டிய அவசியம் இல்லை. ஒரே சொல்லைப் பதினோரு முறை போட்டது என் சோம்பல். அதை ‘மூலத்துக்கு விசுவாசம்’ என்று எனக்கு நானே பெயர்சூட்டிக்கொண்டிருந்தேன்.

இப்போது நிலவரம் இது. தான் செய்ததைத் தானே சொல்கிற ஐந்து இடங்களில் மெய்ப்புத் திருத்துபவர் சரி, ஒப்புக்கொண்டார் இருக்கட்டும். வேறு ஊருக்குப் போகவும், யாரையும் பார்க்காமல் இருக்கவும், இனி எழுதாமல் இருக்கவும் அவர்கள் கேட்பதற்குத் தலைவணங்குகிற மூன்று இடங்களில் என் ஒத்துக்கொண்டார் திரும்ப வருகிறது. ஓரக் குறிப்பாக வேற்றுமை உருபைக் காட்டி எழுதிவிட்டேன். ஆறாவது நாள் இரவு, தூங்கவிடாமல் கேட்டுக்கேட்டு அவர் வாயைத் திறக்கும் இடம் ‘மசிந்தார்’. அங்கே ஒப்பும் இல்லை, ஒத்தும் இல்லை. மகளை அவர்கள் பொறுப்பில் விட்டுவிட்டுப் போகும் பக்கத்தில் மணியோசை கொடுத்த ‘ஒப்புக்கொடுத்தார்’. அந்த வரியை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து நடந்தேன்.

பதினொன்றாவது இடம்தான் தீரவில்லை. கடைசிப் பக்கம். “நீதானே?” என்று கேட்கிறார்கள். மூலத்தில் அதே வினை, வேறு ஒரு சொல் இல்லை. செய்தது தான்தான் என்கிறாரா, அவர்கள் விரும்பும் பதிலுக்கு இணங்கிப்போகிறாரா என்று தெரியாது. தெரியக்கூடாது என்பதுதான் அந்தப் பக்கமே. ஒப்பு போட்டால் குற்றவாளி ஆகிவிடுகிறார், ஒத்து போட்டால் அப்பாவி ஆகிவிடுகிறார்.

கருப்புக்கோட்டு · இரவு 9:02

‘ஆம் என்றார்’?

வரிவடிவு · இரவு 9:05

அவர் வாயே திறப்பதில்லை.

சாய்வுநாற்காலி · இரவு 9:20

“தலையை ஆட்டினார்” என்று எழுதுங்கள். எந்தப் பக்கம் என்று எழுதாதீர்கள்.